வாய் திறக்காத தமிழ்ப் பக்கங்கள்

எங்கள் ஊரான வத்தேகமவின் பெயரைப் பாமினி எழுத்துருவில் எழுதும்போது கணினிக்குள் பதிவாவது இதுதான்: டி, ஜே, அரைப்புள்ளி, பெரிய என், ஜே, எஃப், கே. இலங்கை என்ற சொல்லோ ஒரு காற்புள்ளியில் தொடங்கும். திரையில் தெரிவது அழகான தமிழ். கோப்புக்குள் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவங்களை மாட்டிவிடும் வேலையைத்தான் எழுத்துரு செய்தது.

கண்ணால் வாசிப்பவருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. கண்ணால் வாசிக்காத ஒருவரை எண்ணிப் பாருங்கள். விழிப்புலனற்றவர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு. அது திரையின் படத்தைப் பார்ப்பதில்லை. கோப்பில் உள்ள எழுத்தை எடுத்துக் குரலாக்குகிறது, அல்லது பிரெயில் புள்ளிகளை எழுப்பும் கருவிக்கு அனுப்புகிறது. பாமினியில் அமைந்த ஒரு செய்தியை அதனிடம் கொடுத்தால் 'ஜே கே பி ஓ' என்று ஏதோ உளறும். அந்த ஜே கே பி ஓவும் அதை அடுத்துவரும் அரைப்புள்ளியும் சேர்ந்தால்தான் பாமினியில் 'தமிழ்'.

1990களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்ட தமிழில் பெரும்பகுதி இவ்வாறு அமைந்ததே. இணையத் தமிழின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். விசைப்பலகைச் சண்டைகள், குறியீட்டுச் சண்டைகள், மாநாடுகள் என்று அது நீளும். அந்த வரலாற்றைக் காதின் பக்கமிருந்து எழுதியவர்களைக் காண்பது அரிது. இப்பதிவு அதற்கான ஒரு சிறு முயற்சி.

கதையைக் கணினிக்கு முன்பிருந்து தொடங்குவதே முறை. தமிழில் விழிப்புலனற்றோர் கல்வி பாளையங்கோட்டையில் 1890களில் மிஸ் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணியின் முயற்சியால் வேரூன்றியது. இலங்கையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலையே பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. பிற்காலத்தில் வடக்கில் கைதடி நஃபீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பணியைச் செய்தது. தெற்காசிய மொழிகளுக்கு அக்காலத்தில் ஒரே சீரான பிரெயில் முறை இருக்கவில்லை. ஊருக்கொரு முறை, மிஷனுக்கொரு முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யுனெஸ்கோ இதைக் கையிலெடுத்தது. அந்தப் பணியில் முன்னின்றவர் சேர் குளூதா மக்கென்சி என்ற நியூசிலாந்தர். 1915இல் கலிப்பொலிப் போர்முனையில் பார்வை இழந்தவர். 1951இல் பெய்ரூட்டில் கூடிய மாநாட்டில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்களப் பிரெயிலும் அப்படியே.

அந்தப் பிரெயிலில் ஒரு நுட்பம் உண்டு. அச்சுத் தமிழில் 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். நாம் உச்சரிப்பதோ முதலில் ககர மெய், பின்னர் ஒகர உயிர். பிரெயில் இந்த உச்சரிப்பு வரிசையைத்தான் பின்பற்றுகிறது: ககரத்துக்குரிய புள்ளிகள், அதையடுத்து ஒகரத்துக்குரிய புள்ளிகள். கொம்பும் இல்லை, காலும் இல்லை. விரலால் வாசிப்பவருக்கு எழுத்தின் வடிவம் எதற்கு? ஒலியின் ஒழுங்கு இருந்தால் போதும். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தபோது அதுவும் இதே வழியைப் பின்பற்றியது. ககரம், அதன்பின் ஒகர உயிர்க்குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் வரையும் மென்பொருளின் பாடு. இந்திய அரசின் இஸ்கி என்ற குறியீட்டிலிருந்து யுனிகோட் பெற்றுக்கொண்ட முறை அது.

இரண்டுக்கும் இடையில் நாம் வேறொரு பாதையில் போனோம். அது தட்டச்சுப் பொறியின் பாதை. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படுபவர். தட்டச்சுப் பொறியில் கொம்பு முதலில் தட்டப்படும், பின்னர் எழுத்து, பின்னர் கால். தாளில் மை விழும் வரிசையே அதற்கு வேதம். தாளுக்கு அது பொருத்தமானதுதான். (ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலகின் ஆரம்பகாலத் தட்டச்சுப் பொறிகளுள் ஒன்றை 1808 அளவில் இத்தாலியில் பெலெக்ரினோ துர்ரி என்பவர் செய்தார். பார்வையற்ற தோழியான ஒரு சீமாட்டி தம் கைப்படக் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக அவர் செய்த பொறி அது.)

1990களில் எங்கள் பத்திரிகைத் தொழில் ஈய அச்சிலிருந்து கணினிப் பக்க வடிவமைப்புக்கு மாறியபோது தட்டச்சுப் பழக்கமும் அப்படியே கூட வந்தது. பேஜ்மேக்கர் மென்பொருளும் ஒரு தமிழ் எழுத்துருவும் கைவந்த தட்டெழுத்தாளரும் இருந்தால் பத்திரிகை தயார். பாமினியில் கொ என்பதற்கு என், எஃப், எச் என்று மூன்று விசைகள்: கொம்பு, ககரம், கால். பக்கம் தகட்டுக்குப் போய் அச்சாகிவிட்டால் கோப்பின் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது தமிழா ஆங்கிலமா என்று எவரும் கேட்கவில்லை. அச்சுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவும் இல்லை.

சிக்கல், அந்தக் கோப்புகளையே இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது வந்தது. முதலில் சில தளங்கள் செய்தியையே படமாக்கிப் போட்டன. பிறகு, எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்புகள் வந்தன. 1997 அளவில் மைக்ரோசொஃப்ட், நெட்ஸ்கேப் உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதியைத் தந்ததும் அந்தத் தொல்லையும் நீங்கியது. சென்னை இதழ்களும் கொழும்புப் பத்திரிகைகளும் ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. கண்ணுக்கு எல்லாமே தமிழ். தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புரியாத மொழி.

1999ஆம் ஆண்டை இந்தக் கதையில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. தமிழ்நாட்டு அரசு தாப், தாம் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது அதன் தொடர்ச்சியாகத்தான். புலம்பெயர்ந்த தமிழர் பலர் மின்மடல் குழுக்களில் உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. மூன்றே மாதங்களில், 1999 மே 5ஆம் திகதி, உலகளாவிய வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3 கூட்டமைப்பு இணையப் பக்கங்களின் அணுகுதன்மைக்கான முதலாவது வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எழுத்தல்லாத எதற்கும் ஈடான எழுத்து வடிவம் தருக என்பது அதன் முதல் நெறி. எழுத்தாக எழுதக்கூடியதைப் படமாக்காதீர், பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதைக் குறிப்பிடுக என்பனவும் அதில் இருந்தன. இந்த இரண்டு உலகங்களும் அன்று சந்தித்துக்கொள்ளவில்லை. நான் வாசித்த வரையில், அக்காலத் தமிழ்க் குறியீட்டு விவாதங்களில் இடச்சிக்கனம், அகரவரிசை, 247 எழுத்துகள் என்பவற்றைப் பற்றிய பேச்சே மிகுதி. அந்தக் குறியீட்டைக் காதால் வாசிக்கப் போகிறவர் அந்த மேசையில் இருக்கவில்லை.

வேறு நாடுகளில் அவர்கள் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அவுஸ்திரேலியாவில் புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தைத் தம் பிரெயில் கருவியால் வாசிக்க முடியவில்லை என்று 1999இல் மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். படங்களுக்கு மாற்று எழுத்து இல்லை, போட்டி முடிவுகளின் அட்டவணைகள் எட்டவில்லை என்பன அவரது குறைகள். ஆணைக்குழு 2000 ஓகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தளம் போதியளவு திருத்தப்படாமையால் 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடும் விதித்தது. அமெரிக்காவில், புனேயில் வளர்ந்து பதினான்காம் வயதில் பார்வை இழந்த தி. வெ. இராமன், ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் கணினிச் சூழலை 1995இலேயே வெளியிட்டிருந்தார். திரையில் தெரிவதை ஒப்பிப்பதோடு நில்லாமல், தகவலின் பொருளை உணர்ந்து கணினி பேச வேண்டும் என்பது அவரது வாதம். எழுத்துருவின் முகத்துக்கும் கோப்பின் உள்ளடக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

தமிழ் உள்ளிட்ட யுனிகோட் வசதி விண்டோஸ் 2000 உடன் வந்தது. ஆனால் எங்கள் இணைய நிலையங்களில் நெடுங்காலம் விண்டோஸ் 98தான் ஓடியது. யுனிகோடை முந்திப் பிடித்துக்கொண்டவர்கள் தொழில்முறைப் பத்திரிகைகள் அல்லர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் – அதன் முன்னோடி எங்கள் நாட்டவரான மயூரநாதன் – 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தைச் சூழ்ந்த வலைப்பதிவர்களும்தான் அதைப் பரப்பினார்கள். ஜேர்மனியில் இருந்து சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி, பாமினியையும் மற்ற எழுத்துருக்களையும் நொடியில் யுனிகோட் ஆக்கித் தந்தது. சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை இது. பத்திரிகைகள் பல ஆண்டுகள் பின்னால் வந்தன. இலங்கைத் தர நிறுவனத்தின் தமிழ்க் குறியீட்டுத் தரம் 2008இல் வந்தது. தமிழ்நாட்டு அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்.

இத்தோடு சிக்கல் தீர்ந்ததா என்றால், ஒரு வேடிக்கையான இடைவேளை வந்தது. பாமினிக் காலத்தில் திரைவாசிப்பான் உளறியது. யுனிகோட் வந்ததும் மௌனமானது. உலகெங்கும் பரவலாக இருந்த ஜோஸ் மென்பொருளின் வழக்கமான குரலுக்குத் தமிழ் தெரியாது. அதன் விலையோ ஆயிரம் டொலரை ஒட்டியது. 2006இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர், விலையின்றிக் கிடைக்கும் திரைவாசிப்பான் ஒன்றை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். என்விடிஏ என்று இன்று உலகம் அறியும் மென்பொருள் அதுவே. அதனுடன் இணைந்து வந்த ஈஸ்பீக் என்ற குரலாக்கியை எழுதியவர் ஜொனதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர். அது பின்னர் பேசக் கற்றுக்கொண்ட பல மொழிகளில் தமிழும் ஒன்று. தகரக் குரல்தான், ஆனாலும் தமிழ்க் குரல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ்க் குரலாக்கத்திலும், அச்சுப் பக்கத்தைப் படம்பிடித்து எழுத்தாக்கும் எழுத்துணரியிலும் தொடர்ந்து உழைத்தார்கள். பின்னர் கைத்தொலைபேசிகளே தமிழ் பேசத் தொடங்கிவிட்டன.

வத்தேகமவில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நீரிழிவு அவரது பார்வையைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டது. இப்போது கைத்தொலைபேசியின் குரல் வழியாகத்தான் செய்தி வாசிக்கிறார். விரலால் திரையைத் தடவத் தடவ அது வாசித்துக்கொண்டே போகும். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நம் கண் பத்திரிகையை எப்படி மேய்கிறதோ அப்படித்தான் அவரும் மேய்கிறார். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார்; பிடித்த இடத்தில் நின்று உள்ளே போகிறார். சில தளங்களில் அது முடியவில்லை. அங்கே தலைப்பு என்பது தடித்த பெரிய எழுத்து மட்டுமே. இது தலைப்பு என்று கோப்பில் எவரும் குறிக்கவில்லை. அப்படியானால் விளம்பரம், பட்டியல், பழைய இணைப்புகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுத்தான் செய்திக்கு வர வேண்டும். முதற்பக்கத் தலைப்புக்கு எத்தனை புள்ளி எழுத்து, எத்தனை பத்தி அகலம் என்று மணிக்கணக்கில் வாதிடும் தொழில் எங்களுடையது. அந்த வாதத்தின் பயன் அவர் விரலுக்கு எட்டவில்லை.

பிறகு ஓரிடத்தில் தொலைபேசி 'படம்' என்று மட்டும் சொல்லி நின்றது. நான் பார்த்தேன். அது ஒரு மரண அறிவித்தல்.

"தம்பி, யாரு செத்ததுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

இலங்கைத் தமிழர்க்கு வானொலி மரண அறிவித்தல் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று நிதானமாக வாசிக்கப்படும் அந்த அறிவித்தலுக்காகவே வானொலி திறந்த வீடுகள் உண்டு. காதுக்கென்றே இருந்த ஒன்று அது. இணையத்துக்கு வந்தபோது பூ வரைந்த, விளக்கு எரியும் பட அட்டையாகிவிட்டது. பெயர், ஊர், கிரியை நடைபெறும் நேரம் எல்லாம் படத்துக்குள். 1993இல் இணையப் பக்கத்தில் படம் சேர்க்கும் வழி பிறந்தது. 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4 வெளியானபோது ஒவ்வொரு படத்துக்கும் மாற்று எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஒரு வரியை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகியும் நம் தளங்களில் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது.

பாமினியை விட்டோம், அதன் பழக்கத்தை விடவில்லை என்றே எனக்குப் படுகிறது. செய்தி இப்போது பட அட்டைகளாக முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. 2020 கொரோனா ஊரடங்குக் காலத்தில் அறிவித்தல்கள் கடிதத் தாளின் படங்களாகவே கைமாறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டம் மண்சரிவால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அந்த இரவுகளில் என் தொலைபேசிக்கு வந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை படங்கள். எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு எந்த நிறம் என்பது படத்துக்குள் இருந்தது. நக்கிள்ஸ் மலைச்சரிவில் லயன் காம்பராவில் தனித்திருக்கும் பார்வையற்ற ஒருவருக்கு அந்தத் தொலைபேசி 'படம்' என்று மட்டுமே சொல்லியிருக்கும். தமிழில் எச்சரிக்கை தாமதமாக வந்தது, குறைவாக வந்தது என்ற முறைப்பாட்டை நாம் எல்லோரும் எழுதினோம். வந்த தமிழும் சிலருக்கு வரவில்லை என்பதையும் அதோடு சேர்த்து எழுத வேண்டியிருந்தது.

எண்ணிக்கையில் இவர்கள் சிறு தொகையினர் அல்லர். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஏதேனும் ஒரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவாயினர். அவர்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேருக்குப் பார்ப்பதில் சிரமம். முற்றாகப் பார்வை இழந்தோர் இதில் ஒரு பகுதியினரே. எழுத்தைப் பெருப்பித்து வாசிப்போர், மங்கிய நிறத்தில் தடுமாறுவோர் பலர்.

சட்டம் இருக்கிறதா? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இணையம் இந்நாட்டில் பரவுவதற்கு முன் எழுதப்பட்டது. 2006இல் வர்த்தமானியில் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் கட்டடங்களின் சாய்தளத்தையும் படிக்கட்டையும் பேசுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயம் 2006 டிசம்பரில் நிறைவேறியது; இலங்கை 2007இல் ஒப்பமிட்டது, 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது. இணையமும் தொடர்பாடலும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று அதன் 9ஆம் உறுப்புரை சொல்கிறது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் வாசிக்க வேண்டியது 21ஆம் உறுப்புரை. இணையவழித் தகவல் தருவோர் உள்ளிட்ட வெகுசன ஊடகங்கள் தம் சேவையை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டச் செய்யுமாறு அரசு ஊக்குவிக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் எங்கள் கூட்டங்களில் 19ஆம் உறுப்புரை ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அது வேறு ஆவணத்தின் உறுப்புரை. இந்த 21ஐ எவரும் எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை.

இனிப் பழைய கோப்புகள். 2005 முதல் இயங்கும் நூலகம் தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்துவருவது ஒப்பற்ற பணி. அச்சுத் தாளை முதலில் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. எழுத்துணரிகள் தமிழில் தேறிவிட்டதால் அந்தப் படங்கள் காலப்போக்கில் எழுத்தாகும். எனக்குக் கவலை தருவது இடைப்பட்ட காலம். போர்க்காலச் செய்திகள், 2002 போர்நிறுத்தம், 2004 ஆழிப்பேரலை என்று எத்தனையோ பக்கங்கள் பாமினியிலும் அதன் உறவினர்களிலும் எழுதப்பட்டன. அவற்றை எழுத்துணரிக்குக் கொடுக்கவும் தேவையில்லை. மாற்றியில் ஒருமுறை இட்டால் பேசத் தொடங்கிவிடும். அந்த வன்தட்டுகளும் குறுந்தட்டுகளும் எந்த அலுமாரியில் இருக்கின்றன, இன்னும் திறக்கின்றனவா என்பதை அந்தந்த ஆசிரிய பீடங்களில் இருப்பவர்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.